தொடுதிரைக்கு இலக்கணம் கேட்காத தில்லி

‘லினக்ஸில் தொடுதிரை வேலை செய்யாது.’ தில்லியின் ஆய்வு மாணவர் விடுதிகளிலும் துறை நூலகங்களிலும் இவ்வாக்கியம் பழமொழிக்குரிய உறுதியோடு சொல்லப்படுகிறது. சொல்பவர் பெரும்பாலும் ஒருமுறை முயன்று பார்த்தவர்; பொய் சொல்பவர் அல்லர். பழைய சிறிய மடிக்கணினி ஒன்றில் உபுண்டுவையோ டெபியனையோ நிறுவினார். விசைப்பலகை இயங்கியது, ஒலி வந்தது, இணையம் கிடைத்தது. திரையைத் தொட்டால் மட்டும் எந்த அசைவும் இல்லை. அல்லது இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் சொடுக்கு விழுந்தது. அங்கேயே அவர் தீர்ப்பை எழுதிவிட்டார்.

தமிழ் இலக்கணம் வினைகளைத் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறது. உருண்டது தன்வினை, உருட்டினான் பிறவினை. ‘தொடுதிரை வேலை செய்யாது’ என்பது தன்வினை போல ஒலிக்கிறது. மழை பெய்யவில்லை என்பதைப் போல, யாருடைய செயலும் இல்லாத இயற்கை நிகழ்வு என்ற தோற்றத்தைத் தருகிறது. யாரோ அதை வேலை செய்ய விடவில்லை என்ற செய்தி வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறது. வினைமுதல் மறைந்தபின், பழி கண்முன் நிற்கும் ஒரே ஆளான லினக்ஸின் தலையில் விழுகிறது. இப்பதிவின் நோக்கம் அந்த வினைமுதலைத் தேடுவது. தேடல் முடியும் இடம் சீனத்துச் சில்லுத் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. தில்லியின் அமைச்சக அலுவலகங்கள் வரை வருகிறது.

ஏன் இப்போது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் மலிவாக விற்ற பத்து, பதினோரு அங்குலச் சிறு மடிக்கணினிகளில் பல இன்டெல் ஆட்டம் வகைச் செயலியும் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி சேமிப்பிடமும் கொண்டவை. விசைப்பலகையிலிருந்து கழற்றினால் கைக்கணினி, மாட்டினால் மடிக்கணினி என்ற அமைப்பும் அவற்றுள் உண்டு. இத்தகைய கருவிகளுக்கு விண்டோஸ் 11 இல்லை. ஓராண்டு நீட்டிப்பு ஆதரவு முடிவைத் தள்ளிப்போடுமேயன்றி மாற்றாது.

தில்லியில் இக்கருவிகளுக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நேரு பிளேஸ்; பழைய கணினிகள் துடைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, உதவித்தொகையில் வாழும் மாணவரின் கைக்கு வரும் சந்தை. மற்றொன்று சீலம்பூர், மின்னணுக் கழிவு கையால் பிரிக்கப்பட்டு, செம்புக்காகக் கம்பிகள் எரிக்கப்பட்டு, உலோகத்திற்காகச் சுற்றுப்பலகைகள் அமிலத்தில் இடப்படும் குடியிருப்புப் பகுதி. ஒரே கருவி இரண்டில் எங்குப் போகும் என்பதைப் பல வேளைகளில் அதன் செயலியின் வேகம் முடிவு செய்வதில்லை. எடை குறைந்த டெஸ்க்டாப் சூழலில் 2 ஜிபி நினைவகம் லிப்ரே ஆஃபிஸுக்கும் சொட்டெரோவுக்கும் போதும். ஒலியியல் மாணவர் பயன்படுத்தும் பிராட் மென்பொருளும் அதில் ஓடும். தடையாக நிற்பவை சிறு சிறு சில்லுகள். தொடுதிரைச் சில்லு அவற்றுள் முதன்மையானது. விசைப்பலகையைக் கழற்றிவிட்டால் அக்கருவியில் எழுத்தை உள்ளிட எஞ்சும் ஒரே வழி தொடுதிரைதான். அது இயங்காத கைக்கணினி வெறும் கண்ணாடிப் பலகை.

தொடுதல் எவ்வாறு செய்தியாகிறது

கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும் இடத்தில் மின்தேக்குத்திறன் சற்றே மாறுகிறது. மாற்றத்தை அளந்து விரலின் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்வது ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு. அது யூஎஸ்பி வழியாகவோ ஐ-டூ-சி என்னும் எளிய இணைப்பு வழியாகவோ கணினியிடம் பேசுகிறது. லினக்ஸ் கெர்னலில் உள்ள இயக்கி அப்பேச்சைப் புரிந்துகொண்டு பொது வடிவிற்கு மாற்றுகிறது. லிப்இன்புட் என்னும் நூலகம் அதைத் தொடுதல் நிகழ்வுகளாக மேலே அனுப்புகிறது. அதன் பிறகே டெஸ்க்டாப் சூழல் அசைகிறது.

இந்தச் சங்கிலியில் கெர்னலுக்கு மேலே உள்ள எல்லாக் கண்ணிகளும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாகிவிட்டன. பல விரல்களின் தொடுதலைக் கெர்னல் எவ்வாறு பதிவு செய்ய வேண்டும் என்ற நெறிமுறையை என்ரிக் ரீட்பெர்க் 2009இல் வகுத்தார். பிரான்சின் துலூஸ் நகரில் உள்ள தேசிய வானூர்திப் பயண உயர்கல்விக் கழகத்தில் ஸ்தெஃபான் ஷாத்தியும் பெஞ்சமின் திஸ்வாரும் உழைத்ததன் பயனாக, 2011இல் பலவகைத் தொடுதிரைகளுக்கான பொது இயக்கி கெர்னலில் சேர்ந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் வேலை இன்று உலகெங்கும் உள்ள கணினிகளில் ஓடுகிறது. தில்லியின் கணினியியல் துறைகள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

அந்தப் பொது இயக்கி ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக அறிந்திருக்கத் தேவையில்லை. எச்ஐடி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் சாதனம், கணினியோடு இணைந்தவுடன் ஒரு விவரணையைத் தானே அளிக்கிறது: எத்தனை விரல்களைத் தனித்தனியாக அறியும், கிடை அளவு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, விரல் தொட்டதா எடுத்ததா என்பது செய்தியின் எந்த இடத்தில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மொழியியல் மாணவருக்கு இதை விளக்குவது எளிது. அது அச்சாதனத்தின் இலக்கணம். பேசத் தொடங்கும் முன்பே தன் இலக்கணத்தை நீட்டிவிடும் மொழியை யாரும் புரிந்துகொள்ளலாம்.

இலக்கணத்தை நீட்டாத சாதனங்களும் உண்டு. சிக்கல் பிறக்கும் இடம் அவை.

இலக்கணம் மறைக்கப்பட்ட சில்லு

மலிவுக் கைக்கணினிகளில் பரவலாக இருக்கும் சைலீட் நிறுவனத்தின் ஜிஎஸ்எல்1680 வகைச் சில்லுகளை எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் நிலையான நினைவகம் இல்லை. மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும், சில்லுக்குள் ஓட வேண்டிய நுண்நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, இயக்கி மறுபடியும் ஊட்ட வேண்டும். அந்த நுண்நிரலும் எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றன்று. திரையின் அளவுக்கும் கோடுகளின் அமைப்புக்கும் ஏற்ப மாதிரிக்கு மாதிரி வேறுபடும். அது விண்டோஸ் இயக்கிக் கோப்பின் வயிற்றுக்குள் கிடக்கிறது, தனியாக வெளியிடப்படுவதில்லை, பிறருக்கு வழங்கும் உரிமமும் தரப்படுவதில்லை.

விளைவு வேடிக்கையானது. பயனர் காசு கொடுத்து வாங்கிய கருவியின் நுண்நிரலை அவரே விண்டோஸ் இயக்கியைப் பிரித்து வெட்டி எடுத்து, லினக்ஸின் ஃபர்ம்வேர் கோப்புறையில் சரியான பெயரில் வைக்க வேண்டும். டெபியனோ உபுண்டுவோ அதை முன்கூட்டியே தர முடியாது. உரிமமில்லாத கோப்பைப் பரப்பினால் சட்டம் குறுக்கே நிற்கும். சிறிய கணினியில் தொடுதிரையை இயக்க மணிக்கணக்கில் திண்டாடும் மாணவர் தன் அறியாமையை நொந்துகொள்கிறார். அவரைத் திண்டாட வைப்பது ஒரு நிறுவனம் எழுத மறுத்த ஒற்றைப் பக்க உரிமக் கடிதம்.

இச்சுவரைச் சுற்றி நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் டி கூடே என்ற கெர்னல் நிரலாளர் கட்டிய பாதை தனிக் கவனத்திற்குரியது. எந்தத் தயாரிப்பாளரின் எந்த மாதிரியில் திரை எத்தனை புள்ளி அகலம், கிடை தலைகீழா, கிடையும் நெடுக்கும் இடம் மாறியுள்ளனவா என்பவற்றை ஓர் அட்டவணையாகக் கெர்னலுக்குள்ளேயே அவர் சேர்த்தார். பயனர்கள் தங்கள் கருவிகளின் விவரத்தை அனுப்ப அனுப்ப அட்டவணை வளர்ந்தது. கருவியின் பெயரை வைத்தே அட்டவணையில் தேட வேண்டும். ஆனால் சில தயாரிப்பாளர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டீஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்ற வெற்றுச் சொல்லை விட்டுவிட்டு விற்றார்கள். தன் பெயரைக்கூடச் சொல்லாத கருவியை அதன் பயாஸ் வெளியான தேதி போன்ற தடயங்களைக் கொண்டு அடையாளம் காண வேண்டியதாயிற்று.

உரிமம் கேட்டும் கிடைக்காதபோது அவர் வேறொரு வழி கண்டார். சில கருவிகளில், கணினி எழும் தொடக்க நிலையிலேயே திரையைத் தொட முடிவதற்காக, நுண்நிரலின் ஒரு படி கருவியின் சொந்த யூஇஎஃப்ஐ நினைவகத்திலேயே இருந்தது. கெர்னல் அந்நினைவகத்தைத் துழாவி, நீளத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் கொண்டு நுண்நிரலை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ளும் வசதி 2020இல் சேர்ந்தது. எவரும் எதையும் பரப்பவில்லை. கருவியில் ஏற்கெனவே இருப்பதைக் கருவியே பயன்படுத்திக்கொள்கிறது.

களமொழியியலில் பயிற்சி பெற்றவருக்கு இவ்வேலையின் முறை புதிதன்று. இலக்கண நூல் இல்லாத மொழியை ஆய்பவர் தகவலாளரிடம் ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்பார், விடையில் எது மாறுகிறது என்று பார்ப்பார். இங்கும் அதுவே. ‘ஈவ்டெஸ்ட்’ என்ற சிறு கருவியை இயக்கி, திரையின் இடப்பக்க மேல்மூலையைத் தொட்டு வரும் எண்களைக் குறிக்க வேண்டும், பிறகு வலப்பக்க மேல்மூலை, பிறகு கீழ்மூலைகள். கிடை எண் குறைய வேண்டிய இடத்தில் கூடினால் அச்சு தலைகீழ். கிடையை நகர்த்த நெடுக்கை எண் மாறினால் அச்சுகள் இடம் மாறியுள்ளன. ஒன்பது எண்கள் கொண்ட மாற்று அணி ஒன்றை அமைப்புக் கோப்பில் எழுதினால் திரை நேராகிவிடும். பொறுமையுள்ள மொழியியல் மாணவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

ஆனால் ஒரு பண்பாட்டின் மொழிக்கு எழுதப்பட்ட இலக்கணம் இல்லாமலிருப்பது வரலாற்றின் விளைவு. தொழிற்சாலையில் எழுதி வைக்கப்பட்ட விவரத்தைப் பூட்டி வைத்துவிட்டு, வாங்கியவரைக் களப்பணிக்கு அனுப்புவது வணிக முடிவு. முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்குப் பொறுமை காட்ட வேண்டிய கடன் யாருக்கும் இல்லை.

கேட்டால் கிடைக்கும்

நிறுவனங்கள் இலக்கணத்தை ஒருபோதும் தரமாட்டா என்று சோர்வடைவோருக்கு எதிரான சான்று, பலரும் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது: மைக்ரோசாஃப்டிடமிருந்து.

2012இல் விண்டோஸ் 8 வெளியானபோது, தன் சான்றிதழ் பெற விரும்பும் தொடுதிரைகள் எச்ஐடி தரத்தைப் பின்பற்ற வேண்டும், குறைந்தது ஐந்து விரல்களை அறிய வேண்டும் என்று அந்நிறுவனம் நிபந்தனை விதித்தது. ஐ-டூ-சி இணைப்பின் மேல் எச்ஐடி எவ்வாறு இயங்க வேண்டும் என்ற விவரக்குறிப்பையும் வெளிப்படையாகவே வெளியிட்டது. அதைப் படித்துத் திஸ்வார் எழுதிய லினக்ஸ் இயக்கி 2013இன் தொடக்கத்தில் வெளிவந்த கெர்னலிலேயே இடம்பெற்றது. அன்று முதல் அச்சான்றிதழுக்காகச் செய்யப்பட்ட எண்ணற்ற மடிக்கணினிகளின் தொடுதிரைகள் லினக்ஸில் எந்தத் தனி முயற்சியும் இல்லாமல் இயங்கிவருகின்றன. அவற்றை வைத்திருப்போர் ‘லினக்ஸில் தொடுதிரை வேலை செய்யாது’ என்று சொல்வதில்லை. அப்படியொரு சிக்கல் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதே மைக்ரோசாஃப்ட் தன் சொந்த சர்ஃபேஸ் கணினிகள் பலவற்றில் வேறு பாதையில் சென்றது. அவற்றில் தொடுதல் தரவு கச்சா வடிவில் இன்டெலின் தனி இடைமுகம் வழியாகச் செல்ல, விரல் எங்கே என்ற கணக்கை மென்பொருளே போட வேண்டியிருந்தது. அவற்றை லினக்ஸில் இயக்க ஆர்வலர்கள் தனித் திட்டமே நடத்தி வருகிறார்கள். ஆகவே இது நல்லவர், கெட்டவர் கதை அன்று. எச்ஐடி தரம் திறந்திருந்தது லினக்ஸ் மீதான பரிவினாலும் அன்று. பெரிய வாங்குநர் ஒருவர் அல்லது சான்று தருபவர் ஒருவர் பொதுத் தரத்தைக் கேட்டார், உற்பத்தியாளர்கள் கொடுத்தார்கள். கேட்காத இடத்தில் கொடுக்கவில்லை. விண்டோஸ் முத்திரைக்கு இருந்த வலிமை, இலட்சக்கணக்கில் கருவி வாங்கும் அரசின் ஒப்பந்தப்புள்ளிக்கு இல்லையா?

ஆகாஷ் தந்த பாடம்

2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் கைக்கணினியை வெளியிட்டார். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2. ‘35 டாலர் கணினி’ என்ற முழக்கத்தோடு தொடங்கிய திட்டத்தில், டேட்டாவிண்ட் நிறுவனத்திடமிருந்து அரசு வாங்கிய விலை ஏறத்தாழ 50 டாலர். தொடுதிரை அழுத்தத்தால் இயங்கும் வகை; விரல் நுனி வருடினால் போதாது, அழுத்த வேண்டும். அதன் மந்தத்தைப் பற்றி அன்றைய இதழ்கள் எழுதாத நாளில்லை. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவர் மாளிகையில் ஆகாஷ் 2ஐ வெளியிட்டார். இம்முறை மின்தேக்குத் திரை, ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலி, 512 எம்பி நினைவகம். 2015 மார்ச்சோடு திட்டம் முடித்துவைக்கப்பட்டது.

இத்திட்டத்தின் தோல்வியைப் பேசுவோர் விலையைப் பேசுவர், தாமதத்தைப் பேசுவர், திரையின் தரத்தைப் பேசுவர். பொது விவாதத்தில் ஏறக்குறைய எழாத கேள்வி ஒன்று உண்டு. பொதுப் பணத்தில், கல்வி அமைச்சகத்தின் பெயரில் வாங்கப்பட்ட ஓர் இலட்சம் தொடுதிரைகளின் இயக்கி மூலநிரல் யாருடையது? கருவியை உருவாக்கிய நிறுவனம் விலகியபின், அதன்மேல் புதிய இயங்குதளத்தை ஏற்ற ஒரு கல்லூரி மாணவருக்கு வழி உண்டா?

இக்கேள்விக்கு விடை தேட முயன்றவர்கள் இந்தியாவிலேயே இருந்தனர் என்பதுதான் வருத்தத்தைக் கூட்டுகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆகாஷ் குழு, ஆகாஷ் 2இல் முழுமையான குனு/லினக்ஸை மைக்ரோஎஸ்டி அட்டையிலிருந்து இயக்கிக் காட்டியது. கருவியில் உள்ள ஆண்ட்ராய்டைத் தொடாமலே, அட்டையைச் செருகினால் அதே கைக்கணினி ஒரு முழுக் கணினியாக எழும். பொது நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் இத்திறமை இருந்தது. இல்லாதது, அத்திறமையை ஒப்பந்த நிபந்தனையாக மாற்றும் நிர்வாக மனம். பொறியாளர்கள் கொள்முதலுக்குப் பின் போராடித் திறந்த கதவைக் கொள்முதலுக்கு முன் ஒரு வரி எழுதித் திறந்திருக்கலாம்.

இவ்வளவும் முன்னுதாரணம் இல்லாத துறையில் நடந்த தடுமாற்றம் என்று மன்னிக்கவும் முடியாது. ஆகாஷுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டரை உருவாக்கினர். கையடக்கக் கருவி, எழுதுகோலால் தொடும் திரை, உள்ளே லினக்ஸ். அதன் வன்பொருள் வடிவமைப்பிற்கென்றே ஒரு பொது உரிமத்தை அவர்கள் எழுதினர். எழுத்தறியாதவருக்கும் கருவி பேச வேண்டும் என்பதற்காக இரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய ‘த்வனி’ என்ற எழுத்திலிருந்து பேச்சுக்கு மாற்றும் மென்பொருள், சிம்ப்யூட்டர் சந்தையில் தோற்றபின்னும் பல இந்திய மொழிகளுக்கு வளர்ந்தது. திறந்த வேலைக்கும் பூட்டிய வேலைக்கும் உள்ள வேறுபாடு தோல்வியின்போதே தெளிவாகத் தெரிகிறது. சிம்ப்யூட்டர் தோற்றது, அதன் ஒரு கிளை பிழைத்தது. ஆகாஷின் திரைகள் அணைந்தன. அவற்றிலிருந்து பொதுவில் எஞ்சியது மிகக் குறைவு.

மறுப்புகளும் விடைகளும்

‘தொடுதிரை ஆய்வுக்கு எதற்கு? விசைப்பலகை போதாதா?’ என்பது முதல் மறுப்பு. விசைப்பலகையும் சுட்டியும் வலியின்றிப் பயன்படுத்த முடிகிறவரின் கேள்வி அது. கைமூட்டு நோயுள்ளவருக்கும், நின்றபடியே களத்தில் குறிப்பெடுப்பவருக்கும், தட்டச்சு அறியாத முதியவரிடம் படங்களைக் காட்டிச் சொல் கேட்பவருக்கும் தொடுதல் ஆடம்பரமில்லை. மேலும், கேள்வி தொடுதிரையோடு முடியவும் இல்லை. இன்று தொடுதிரைச் சில்லுக்குப் பொருந்துவது நாளை கைரேகைச் சில்லுக்கும் கேமராவுக்கும் பொருந்தும்.

‘கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களே இயக்கியை எழுதட்டுமே’ என்பது இரண்டாவது. எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல் எழுத ஆளில்லாமை அன்று. எழுதத் தேவையான ஆவணம் ஏற்கெனவே இருந்தும் தரப்படாமல் இருப்பதே. தண்ணீர்க் குழாயின் வரைபடத்தைப் பூட்டிவைத்துவிட்டு, ஊர் இளைஞர்களைச் சுவர் சுவராகத் தட்டிக் குழாயைக் கண்டுபிடிக்கச் சொல்வதற்குப் பெயர் ஊக்கம் அன்று.

‘வணிக இரகசியம்’ என்பது மூன்றாவது. விரல் எங்கே என்று கண்டறியும் கணக்கு இரகசியமாக இருக்கலாம். அதைத் திறக்க யாரும் கோரவில்லை. கண்டறிந்ததைக் கணினியிடம் எந்த வரிசையில் சொல்கிறது என்பதே கேட்கப்படுகிறது. நுண்நிரலின் மூலம் கூட வேண்டாம். இருக்கும் கோப்பைப் பிறருக்கு வழங்கும் அனுமதி போதும். விண்டோஸ் 8 சான்றிதழுக்காகப் பொதுத் தரத்திற்குப் பணிந்த நிறுவனங்கள் அதனால் அழிந்துவிடவில்லை.

நான்காவது மறுப்பு நேர்மையானது; அதை மறைக்காமல் ஏற்க வேண்டும். இலக்கணம் கிடைத்த கருவிகளிலும் லினக்ஸின் தொடுதல் அனுபவம் பல இடங்களில் குறையுடையது. திரையைத் திருப்பினால் படம் மட்டும் சுழன்று தொடும் இடம் சுழலாமல் நிற்பது, உறக்க நிலையிலிருந்து எழுந்தபின் திரை உணர்விழப்பது, திரை விசைப்பலகை வேண்டிய நேரத்தில் எழாமை ஆகியவை எவரும் கண்ட குறைகள். தமிழ்99 விசை அமைப்பு லினக்ஸின் விசைப்பலகைத் தொகுப்பில் இருந்தும், திரை விசைப்பலகையில் அதைச் செம்மையாகப் பயன்படுத்துவது இன்னும் எளிதாகவில்லை. இவை கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் கடன். வேறு யார் மீதும் சுமத்த முடியாதவை. ஆனால் இக்கடனை அடைக்க வேண்டிய நேரம், அச்சு தலைகீழாக இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதிரியாகத் தேடுவதில் கரைகிறது.

கல்விக்கூடங்களின் பங்கு

நடுவண் அரசு 2015 மார்ச்சில் திறந்த மூல மென்பொருளைப் பின்பற்றுவதற்கான கொள்கையை அறிவித்தது. மின்னாளுமைத் திட்டங்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் திறந்த மூல மென்பொருளைக் கருத வேண்டும், விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்றது. நல்ல கொள்கை, ஆனால் அதன் பேச்சு மென்பொருளைப் பற்றியது. 2022 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் நலத்துறை ‘பழுது நீக்கும் உரிமை’ இணையவாயிலைத் தொடங்கியது. அதுவும் நல்லதே, ஆனால் பழுது என்றதும் மனத்தில் எழுவது உடைந்த கண்ணாடியும் கிடைக்காத உதிரிப் பாகமும்தான். சைலீட் சில்லுக் கருவியின் கண்ணாடி உடையவில்லை. அதற்குத் தேவையான உதிரிப் பாகம் ஒரு கோப்பும் ஓர் உரிமமும். இவ்விரு கொள்கைகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் தொடுதிரை விழுந்து கிடக்கிறது.

பல்கலைக்கழகங்கள் இதில் பார்வையாளர்கள் அல்லர். துறைக்குக் கணினி வாங்கும் குழுவில் பேராசிரியர்களே அமர்கிறார்கள். செயலியின் தலைமுறையையும் நினைவகத்தையும் கேட்கும் படிவத்தில் இயக்கியைப் பற்றிய கட்டம் இருப்பதில்லை. மாணவர் கெர்னலின் அட்டவணைக்கு ஒரு திருத்தம் அனுப்பி, அது ஏற்கப்பட்டு, உலகில் எங்கோ ஒருவருடைய திரை உயிர்பெற்றால் அதற்கு மதிப்பெண் இல்லை. அதே மாணவர் அத்திருத்தத்தைப் பற்றி யாரும் படிக்காத ஆய்விதழில் ஆறு பக்கம் எழுதினால் மதிப்பெண் உண்டு. இத்தகைய அளவுகோலை வைத்துக்கொண்டு, இந்தியாவில் ஏன் கெர்னல் நிரலாளர்கள் குறைவு என்று கருத்தரங்கில் வருந்துவதில் பொருளில்லை.

கேட்க வேண்டியவை

1. பொதுப் பணத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு தொடுதிரைக் கருவியும் எச்ஐடி தரத்தைப் பின்பற்ற வேண்டும்; அல்லது அதன் இயக்கி லினக்ஸின் பொதுக் கெர்னலில் ஏற்கெனவே ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

2. நுண்நிரல் தேவைப்படும் சில்லு எனில், அக்கோப்பை எவரும் மாற்றமின்றிப் பகிரலாம் என்ற எழுத்து வடிவ உரிமம் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும்.

3. மாதிரிக் கருவியை ஏற்குமுன், திருத்தப்படாத ஒரு பொது லினக்ஸ் பதிப்பை யூஎஸ்பியிலிருந்து ஏற்றி, நான்கு மூலைகளையும் தொட்டு, திரையைத் திருப்பி, உறங்க வைத்து எழுப்பிச் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

4. அரசின் மின்சந்தையான ஜெம் தளத்தின் கருவி விவரப் பட்டியலில் இச்சோதனையின் முடிவுக்கு ஒரு கட்டம் வேண்டும். நாட்டின் எந்த மூலையில் உள்ள கல்லூரியும் அதைக் கொண்டு வடிகட்டி வாங்க முடியும்.

இவற்றுள் எதற்கும் புதிய ஆய்வகம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். காத்திருக்கவும் நேரமில்லை. 2025 மார்ச் மாதத் தமிழ்நாடு வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2011இல் தொடங்கிய பழைய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துத் தந்த மாநிலம் அது. ஆகவே இயங்குதளத்தைக் கேட்கத் தெரிந்த அரசுக்குச் சில்லின் இலக்கணத்தையும் கேட்க இயலும். 20 இலட்சம் கருவிகளை வாங்குபவரின் ஒரு வரி நிபந்தனை, நூறு ஆர்வலர்களின் பத்தாண்டு உழைப்பை மிச்சப்படுத்தும்.

அடுத்த முறை விடுதி அறையில் யாரேனும் ‘லினக்ஸில் தொடுதிரை வேலை செய்யாது’ என்று சொன்னால், வாக்கியத்தைப் பிறவினையாக மாற்றித் திருப்பிக் கேட்க வேண்டும்: வேலை செய்ய விடாதவர் யார்? விவரத்தைத் தராத நிறுவனம் ஒன்று. அதைக் கேட்காமலே காசு கொடுத்த அலுவலகம் மற்றொன்று. நிறுவனத்தின் மனத்தை மாற்றுவது மாணவர் கையில் இல்லை. அலுவலகத்தின் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் செய்வது, அவ்வலுவலகத்தின் குழுக்களில் அமரும் பேராசிரியர்களின் கையில் இருக்கிறது.